தெருமுனைச் சத்தம்

தெருமுனை மெக்கானிக் மரியசூசையிடம் குணாளன் புது சைலன்சர் மாட்ட வண்டியை விட்டுப் போனதும், அவன் மனைவி தவமணி ரகசியமாக வந்தாள்.

“இருக்கறதிலேயே சத்தமானதா மாட்டுங்கண்ணே. அவரு அடிச்சதுல ஒரு காது போயிடுச்சு. இங்க திரும்பும்போதே கேட்டாத்தான் பிள்ளையத் தூக்கிட்டு ஓட முடியும்.”

மரியசூசை அப்படியே மாட்டிக் கொடுத்தார். ஒரு மாதம் அவள் தப்பினாள்.

ஒரு சாயங்காலம் அந்தச் சத்தம் பட்டறை வாசலிலேயே நின்றது. குணாளன் எஞ்சினை அணைத்துவிட்டு, டேங்க் மேல் இரும்புக் கம்பியைக் கிடத்தி, வண்டியை வீட்டுப் பக்கம் தள்ளினான். மரியசூசை ஓடிப்போய் வண்டியை மறித்து, மிதித்து ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரை முழுதாக முறுக்கினார். கம்பி அவர் தோளில் இறங்கியது. பிறகு முழங்கையில். வீட்டுக் கதவு இன்னும் திறக்கவில்லை. முறுக்கிய கையை அவரும் எடுக்கவில்லை.