வரிசை குலையாமல்

“அறுபத்து நாலில ஒண்டு போனால் என்ன மிச்சம்? கெதியாச் சொல்லு பாப்பம்!” மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தியாகலிங்கம் வாத்தியார் கேட்டார்.

ஒருத்தரும் சொல்லவில்லை. வாத்தியார் பென்சன் எடுத்து மூன்று வருசம். இப்போது அவர் நின்றது புளியங்கூடலில் தன் வீட்டுக் குசினியில். எதிரே மேசையில் அடக்க ஒடுக்கமாக இருந்தவை மனைவி நாகபூசணி சுட்ட பனங்காய்ப் பணியாரங்கள்.

வாத்தியாருக்குச் சலரோகம், இனிப்பு வாயில் வைக்கப்படாது. பனங்காய்க் காலத்தில் கிழமைக்கொருக்கால் கொழும்பு மகளுக்கென்று நாகபூசணி பணியாரம் சுடுவா. இவருக்கு வாசம் மட்டும்.

நாகபூசணி எண்ணிப் பார்க்கிறதில்லை. “ஐஞ்சாம் வகுப்போட நிண்டனான், எனக்கென்ன கணக்கு?” என்பா. மேசையில் பேப்பர் விரித்து, வரிசைக்குப் பத்தாக ஆறு வரிசை அடுக்கிவிட்டுப் போவா. திரும்பி வரும்போது எல்லா வரிசையும் ஒரே அளவாக நின்றால் சரி. எங்கேயாவது ஓட்டை விழுந்தால் வீடு இரண்டுபடும்.

முப்பது வருசம் கணக்குப் பாடத்தில் காரணி படிப்பித்த மனுசனுக்கு இதெல்லாம் ஒரு காவலா? போன கிழமை அறுபதில் ஒன்றை எடுத்தார். ஐம்பத்தொன்பது, பகா எண். வரிசை பிரிக்க ஏலாது. ஐயோ! இரண்டாவதையும் தின்றார். ஐம்பத்தெட்டு, வரிசைக்கு இருபத்தொன்பதாக இரண்டு வரிசை, அந்த நீளத்துக்கு மேசை காணாது. மூன்றாவதும் போனது. ஐம்பத்தேழு, வரிசைக்குப் பத்தொன்பது. அதற்கும் மேசை காணாது. நாலாவதையும் தின்ற பிறகுதான் ஏழெட்டு ஐம்பத்தாறு என்று ஒழுங்காக வந்தது.

அடுத்த நாள் ஊர்காவற்றுறை பஸ்ஸில் தலைசுற்றி விழுந்தார். “இப்பிடியே போனால் காலை எடுக்க வேண்டிவரும்” என்றார் டாக்குத்தர். “தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டிட்டன்” என்று வாத்தியார் கூசாமல் பொய் சொன்னார். நாகபூசணி டாக்குத்தரோடு தனியாக ஏதோ கதைத்துவிட்டு, வீடு வருமட்டும் அழுதுகொண்டே வந்தா.

அந்த அழுகை வாத்தியாரின் நெஞ்சில் இன்னும் குத்திக்கொண்டுதான் இருந்தது. நாக்கு கேட்டால்தானே!

இன்றைக்குச் சுட்டது எழுபது. வாத்தியார் கதிரையில் இருந்தபடியே எண்ணிவிட்டார். நாகபூசணி அதில் ஆறை எடுத்து, வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு றோசிடம் நீட்டினா. மிச்சத்தை வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை அடுக்கினா. “தொட்டிடாதேங்கோ!” என்றுவிட்டு வாளியோடு கிணற்றடிக்குப் போனா.

வாத்தியார் ஒன்றை வாயில் போட்டார். கண் தானாக மூடியது. ஆகா! அறுபத்து மூன்று... ஏழொன்பது! ஒன்றோடேயே அலுவல் முடிந்துவிட்டது. விறுவிறென்று வரிசைக்கு ஒன்பதாக ஏழு வரிசை மாற்றி அடுக்கினார்.

கை சும்மா இருக்கவில்லை, இன்னொன்றுக்கு நீண்டது. அறுபத்திரண்டு சரிவராது. அறுபத்தொன்று பகா எண். அறுபதுக்குப் போவதென்றால் இன்னும் மூன்று தின்னவேண்டும். குனிந்து தன் காலைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார்.

வாளியை வைத்துவிட்டு நாகபூசணி உள்ளே வந்தா. “ஒண்டும் தொடேல்லைத்தானே?”

“என்னப்பா நீர்! வரிசையைப் பாருமன்.”

“ஓம், வடிவா நிக்குது.” பணியாரத்தைப் பிஸ்கற் பேணிக்குள் அடுக்கத் தொடங்கினா.

வாத்தியாருக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை ஒருக்கால் துடைத்துக்கொண்டார்.

“இஞ்சாருங்கோ, அண்டைக்கு டாக்குத்தரிட்டைத் தனியக் கேட்டனான். கிழமைக்கு ஒரு பணியாரம் தின்னலாமாம்.”

வாத்தியாருக்குப் பொல்லாத கோபம் வந்தது. “அப்ப ஏனப்பா எனக்குத் தரேல்லை?”

நாகபூசணி பேணியை இறுக்கி மூடினா.

“தந்தனான்தானே. பத்துப்பத்தா அடுக்கினால் உங்களுக்கு நாலு வேணும். எட்டெட்டா அடுக்கினால் ஒண்டு காணும்.”