இந்த மாத உருப்படாதவர்

தொழிற்சாலை வாசலில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்ததும் லியாண்ட்ரோஸுக்குச் சுர்ரென்று ஏறியது.

கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு தொழிலாளியின் படம். அதன் கீழே சாக்பீஸால் கொட்டை எழுத்தில், 'இந்த மாத உருப்படாதவர்: சரண்டிஸ்.'

கார்பெனீசி மலையில் இருக்கும் இந்தச் சீஸ் தொழிற்சாலையில், மேனேஜர் ஸ்டமாதியா ஆட்களைப் பேர் சொல்லி அவமானப்படுத்துகிறார் என்று ஒரு லாரி டிரைவர் ஏதென்ஸ் தலைமை அலுவலகத்தில் வந்து சொன்னபோது, அங்கே அதிகாரியாக இருந்த லியாண்ட்ரோஸ் நம்பவில்லை. அது உண்மையாக இருந்தால் அந்த அம்மாவை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடும்படி சொல்லித்தான் அவரை அனுப்பியிருந்தார்கள்.

எல்லாக் கிளைகளையும்விட இங்கேதான் உற்பத்தி அதிகம். ஏன் என்று இப்போது புரிந்தது. ஆளை மிதித்து வேலை வாங்கினால் ஏன் ஏறாது?

உள்ளே நுழைந்தால், படத்தில் இருந்த சரண்டிஸே எதிரில் வந்தான். கையில் தட்டு. அது நிறைய மாவுச் சர்க்கரை தூவிய லுக்குமி மிட்டாய். 

"எடுத்துக்குங்க சார். என் படம் போட்டிருக்காங்கல்ல, அதுக்குத்தான்."

பாவம், அவமானத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

பொட்டலம் கட்டும் இடத்தில் ஹரிக்லியா என்ற பெண் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதாள். என்ன ஏது என்று விசாரித்தார்.

"மேடம் பண்றது நியாயமா சார்? நானும் மாடா உழைக்கிறேன். எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல?"

அதற்கு மேல் கேட்க அவருக்குத் தெம்பில்லை. அந்த நேரம் பார்த்து மைக்கில் ஸ்டமாதியாவின் குரல் முழங்கியது.

"சரண்டிஸ், மிட்டாய் குடுத்தது போதும், போய் வண்டியை எடு. உன்னை மாதிரி ஒரு விளங்காதவன் இந்த மலையிலயே கிடையாது."

எல்லோரும் சிரித்தார்கள். லியாண்ட்ரோஸ் விறுவிறுவென்று மேனேஜர் அறைக்குள் போனார். உட்காரக்கூட இல்லை.

"மனுஷனை மனுஷனா நடத்தத் தெரியாதவங்களுக்கு எங்க கம்பெனியில இடமில்ல மேடம். பெட்டியைக் கட்டிக்குங்க."

ஸ்டமாதியா ஏதோ சொல்ல வாயெடுத்தார். லியாண்ட்ரோஸ் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். முதலில் நடந்த அநியாயத்தைச் சரி செய்ய வேண்டும். வாசலுக்குப் போய்ப் பழைய எழுத்தை அழித்தார். 'இந்த மாதத்தின் மிகச் சிறந்த தொழிலாளி: சரண்டிஸ்' என்று தன் கையாலேயே எழுதினார். எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டி, தானே முதலில் கை தட்டினார்.

வேறு ஒருவரும் தட்டவில்லை.

சரண்டிஸின் முகம் வெளுத்துவிட்டது. தட்டைக் கீழே வைத்து அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"உங்களுக்கு நான் என்ன பாவம் பண்ணினேன் சார்? வீட்டுல அவ நிறைமாசமா இருக்காளே."

பெண்கள் அவனைச் சுற்றி நின்று தூ, தூ, தூ என்று துப்பினார்கள். திருஷ்டி பார்க்க ஒருத்தி தண்ணீரும் எண்ணெயும் எடுத்துவர ஓடினாள்.

பின்னாலேயே வந்திருந்த ஸ்டமாதியா சொன்னார்.

"சிறந்த தொழிலாளின்னு படம் மாட்டச் சொன்னதே உங்க ஆபீஸ்தான் சார். முதல்ல படத்துல வந்தவன் மறுநாளே வண்டியைக் கொண்டுபோய்த் தூண்ல மோதினான். அடுத்தவ கண்ணு பட்ட கொட்டாவியா விட்டு, காய்ச்சல்ல படுத்துட்டா. ஊரே பார்த்துப் புகழ்ந்தா கண்ணு படாதா? அப்புறம், எங்கே படம் வந்துடுமோன்னு பயந்து ஒருத்தரும் ஒழுங்கா வேலையே செய்யல. பால் அண்டா அண்டாவா வீணாப் போச்சு. நான் படத்தை எடுக்கல சார், கீழே இருந்த எழுத்தை மட்டும் மாத்தினேன். அதே சிறந்த ஆள்தான், திட்டினா கண்ணு படாதுல்ல? இப்ப திட்டு வாங்க அடிச்சுக்கறாங்க. ஹரிக்லியா ஏன் அழறா தெரியுமா? இந்த மாசமும் அவ படம் வரலையாம்."

ஹரிக்லியா ஆமாம் என்று தலையாட்டி மறுபடி மூக்கைச் சிந்தினாள்.

லியாண்ட்ரோஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

"கண்ணு, திருஷ்டி. இந்தக் காலத்துல. நான் லண்டன்ல நிர்வாகம் படிச்சவன்மா. பாராட்டினாத்தான் ஆள் வளருவான். பலகை இப்படியேதான் இருக்கும். நீங்க கிளம்பலாம்."

போவதற்கு முன் சாரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன் என்று ஸ்டமாதியா எல்லோரையும் உள்ளே கூட்டிப் போய் மைக்கை எடுத்தார்.

"எல்லாரும் சாரை நல்லாப் பாருங்க. எப்பேர்ப்பட்ட படிப்பு, எப்பேர்ப்பட்ட அறிவு. இந்த வயசுல தலையில ஒரு நரை உண்டா? வாசல்ல நிக்குதே புதுக் கார், அது இவரோடதுதான். ஒரு குறையும் இல்லாத மனுஷன். இப்ப இந்தப் பனியில, அந்த வளைவுப் பாதையில, தன்னந்தனியா..."

அத்தனை கண்களும் அவர்மேல் திரும்பின. நல்ல பெரிய கண்கள். ஹரிக்லியா அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்து, "ராஜா மாதிரி இருக்கார்" என்றாள்.

லியாண்ட்ரோஸுக்கு முதுகு சில்லிட்டது. காரணமே இல்லாமல் ஒரு கொட்டாவி வந்தது. உடனே அடுத்ததும் வந்தது.

பாய்ந்து போய் மைக்கைப் பிடுங்கி அணைத்தார். பிறகு வாசலுக்கு ஓடி, தான் எழுதியதைக் கோட்டுக் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"நீங்க எங்கேயும் போக வேண்டாம் மேடம். வேலையில இருங்க. பலகையில பழையபடியே எழுதிக்குங்க."

"ரொம்ப நன்றி சார்."

லியாண்ட்ரோஸ் அந்தப் பக்கம் திரும்பி, சட்டைக் காலருக்குள் யாருக்கும் தெரியாமல் தூ, தூ, தூ என்று துப்பிக்கொண்டார். அப்புறம் மைக்கை ஸ்டமாதியாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"அப்படியே இதுல என்னையும் நாலு வார்த்தை நல்லாத் திட்டிடுங்க மேடம். நான் மலை இறங்கணும்."