மலைக்கு இந்தப் பக்கம்

"கிட்ட வராதீங்க! வாளியைத் தொட்டீங்கன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும்!"

குளியலறை வாசலில் கையை விரித்து மறித்து நின்றாள், நண்டு ஆராய்ச்சி செய்யும் மனைவி. எதிரே, விடிய விடிய லாரி ஓட்டிச் சிவந்த கண்ணோடு கணவர்.

"நான் ஏம்மா தொடுறேன்? நண்டைக் கண்டாலே எனக்குக் குலை நடுங்கும். ஆபீசரை மட்டும் வர வேண்டாம்னு சொல்லிடு."

"பைத்தியமா உங்களுக்கு? ஆறு வருஷமா ஓடைத் தண்ணியில ஊறிக் கிடந்தேன். 'ஊதா நண்டு மலைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும், இங்க தேடுறது வெட்டி வேலை'ன்னு ஆபீசே சிரிச்சுது. இந்த மாசத்தோட ஆராய்ச்சியை இழுத்து மூடுறாங்க. இப்பத்தான் கூண்டுல விழுந்திருக்கு. வர வேண்டாம்னு சொல்லணுமா?"

"அடுத்த வாரம் காட்டலாமே..."

"அடுத்த வாரம் என் நாற்காலியே இருக்காது!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காலையில் போனில் "கிடைச்சிருச்சுங்க!" என்று கத்தியபோதே மனிதரின் குரலில் சுரத்தில்லை. வீட்டுக்குள் நுழைந்ததிலிருந்து இதே பாட்டு. பெண்டாட்டி பேர் எடுத்தால் இவருக்கென்ன, கசக்கிறதா?

வாசலில் ஜீப் வந்து நின்றது. கணவரின் முகம் வெளுத்தது.

"நான்தாம்மா போட்டேன்."

"என்னத்தை?"

"நண்டை. முந்தாநாள் அந்தப் பக்கம் லோடு இறக்கப் போனேன்ல? டீக்கடைக்காரர்கிட்டப் பிடிச்சுத் தரச் சொல்லி, சாப்பாட்டு டப்பாவுல கொண்டுவந்து, கண்ணை மூடிக்கிட்டு உன் கூண்டுல கொட்டிட்டேன். நீ தினம் வெறுங்கையோட வந்து, சாப்பிடாமப் படுக்கிறதைப் பார்க்க முடியலை. உடனே ஆபீசரைக் கூப்பிடுவேன்னு யார் கண்டா?"

அவளுக்கு ஆறு வருஷமும் காலடியில் நழுவிப் போனது போலிருந்தது. அழைப்பு மணி அடித்தது. விட்டு, மறுபடியும் அடித்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். "எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணுதான். அதுக்கே எனக்கு உயிர் போயிட்டு வந்துச்சு."

அவள் வாளியின் மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி, கொடுக்குகளை ஆட்டிக்கொண்டு, ஐந்து ஊதா நண்டுகள்.

"இப்பச் சொல்லித் தொலைங்க," என்று பல்லைக் கடித்தாள். "இதுல உங்க நண்டு எது?"