ஹர்தோனோ கடை வெப்சைட்

"பார்க்க அழகாத்தான் இருக்கும்மா, சட்டம் போட்டு சுவத்துல மாட்டலாம். ஆனா ஒருத்தன்கூட கூப்பிடலையே."

ஹர்தோனோ போனை மேசைமேல் வைத்தார். திரையில் அவர் கடை லும்பியா பொன்னிறமாக மின்னியது. மூங்கில் குருத்தும் இறாலும் வைத்துச் சுருட்டிப் பொரித்தது. செமாராங் ஊரே அதற்கு நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலையும். ஆனால் வெப்சைட் வந்து ஒரு மாதமாகியும், அதைப் பார்த்துவிட்டு ஓர் ஆர்டர்கூட வரவில்லை.

எதிரே லாரஸ் உட்கார்ந்திருந்தாள். நல்ல வேலையை உதறிவிட்டு, சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து தரும் தொழிலில் இறங்கியவள் அவள். இது அவளுடைய இரண்டாவது வெப்சைட். காபிக்கடை, பூக்கடை, செருப்புக்கடை என்று அந்தத் தெருவே ஹர்தோனோ என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கினால் அவள் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

படத்தைப் பெரிதாக்குகிறேன், நிறத்தை மாற்றுகிறேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். மனுஷர் மசிந்தால்தானே. பக்கத்துத் தெருவில் எவளோ ஒருத்தி புதிதாக லும்பியா போடுகிறாளாம். கடைக்கு ஒரு போர்டுகூடக் கிடையாதாம். ஆனால் வாசலில் டெலிவரி பைக்குகள் ஈயாக மொய்க்கின்றனவாம்.

"வா, உன் கண்ணாலயே பாரு" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார்.

அங்கே போய் இறங்கியதும் லாரஸ் திகைத்துப்போனாள். அது வெனிங் அக்காவின் தையல் கடை. அவள் முதன்முதலில் வெப்சைட் செய்து கொடுத்தது இந்த அக்காவுக்குத்தான். இப்போதோ தையல் மெஷின்மேல் முட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்தன. துணி வெட்டும் மேசையில் இரண்டு பெண்கள் லும்பியா சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

வெனிங் மாவுக் கையோடு ஓடிவந்து லாரஸைக் கட்டிக்கொண்டாள்.

"உன் கை ராசியான கைடி. முன்னாடியெல்லாம் சட்டை தைக்க எப்பவாவது ஒருத்தர் கூப்பிடுவாங்க. இந்த ஒரு மாசமா போன் ஓயாம அடிக்குது. அத்தனை பேரும் லும்பியாதான் கேக்குறாங்க. இது தையக்கடைங்கன்னு சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப்போச்சு. அப்புறம் யோசிச்சேன், செமாராங்குல பொறந்துட்டு எனக்கு லும்பியா சுருட்டவா தெரியாது?"

ஹர்தோனோ மெதுவாக லாரஸின் பக்கம் திரும்பினார். அவருடைய வெப்சைட்டை அவள் முதலிலிருந்து செய்யவில்லை. வெனிங்கினுடையதை அப்படியே நகல் எடுத்து, பெயர், படம், நிறம் எல்லாவற்றையும் மாற்றியிருந்தாள். எல்லாவற்றையுமா?

ஹர்தோனோ போனை எடுத்து, தன் லும்பியா படத்துக்குக் கீழே இருந்த 'ஆர்டருக்கு அழைக்கவும்' என்ற பொத்தானை முதல்முறையாக அழுத்தினார்.

வெனிங்கின் இடுப்பிலிருந்து போன் அலறியது.

"பாத்தியா, சொல்லி வாய் மூடல" என்று சிரித்தபடி அவள் எடுத்தாள். "சொல்லுங்க, எத்தனை லும்பியா வேணும்?"

காதில் வைத்த போனோடு ஹர்தோனோ லாரஸைப் பார்த்தார். அடக்க முடியாமல் அவருக்குச் சிரிப்பு பீறிட்டது.

"உன் வெப்சைட் நல்லாத்தான் வேலை செய்யுதும்மா."