ஏற்கிறேன்

நிறமாலைக் கருவி என் மாதிரியைப் படித்து, 'கீட்டோன்' என்றது. திரையில் 'ஏற்கிறேன்', 'மறுக்கிறேன்' என்று இரண்டு பொத்தான்கள். நான் வைத்ததோ எத்தனால். தட்டைத் துடைத்த அசிட்டோன் உலர்வதற்குள் அவசரப்பட்டுவிட்டேன். அசிட்டோனும் ஒரு கீட்டோன்தான்; கருவி அந்த மிச்சத்தைப் படித்திருக்கிறது.

"மறுக்கிறேன்னு அமுக்கட்டுமா?" என்றேன், என்னுடன் ஆசிரியர் பயிற்சி பெறும் மங்கையர்க்கரசியிடம்.

"ஏற்கெனவே ரெண்டு தடவை மறுத்திருக்கே. மூணாவதுன்னா ஆசிரியர் உரிமமே கிடையாது. பேசாம ஒத்துக்கோடி, பெரிய விஞ்ஞானி!"

அந்த இரண்டு முறையும் நான் சொன்னதுதான் சரி. இருந்தும் 'ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன்.

ஜூனில் ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். முதல் வாரமே, அதே கருவி இருந்த ஆய்வக வகுப்பில் ஒரு மாணவி எழுந்தாள்.

"மிஸ், மெஷின் தப்பா சொல்லுது."

அவள் நோட்டைப் பார்த்தேன். அவள் எழுதியிருந்தது சரி.

"மெஷினைவிட உனக்குத் தெரியுமா? உட்காரு" என்றேன்.

அவ்வளவு சுலபமாக அது என் வாயில் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.