வளை கழலுதல்

சாக்பீஸ் பலகையிலேயே நின்றுவிட்டது.

'வளை கழலுதல்' என்று எழுதியாயிற்று. எதன் குறியீடு என்பதுதான் பாக்கி.

தமிழாசிரியர் முப்பத்தோரு வருடமாக எழுதுகிறார். இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய செய்யுள். தலைவன் ஊரில் இல்லை. தலைவி இளைக்கிறாள். கையிலிருந்து வளையல் கழன்று விழுகிறது. அவர் வகுப்பில் மட்டும் இதுவரை விழுந்த வளையல்களை உருக்கினால் பள்ளிக்கூடத்துக்கே பொன்னில் கூரை போடலாம். கழிப்பறைக்கும் சேர்த்து.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விடை சொல்வார்.

இன்று கை நகரவில்லை.

காலையில் அடுப்படியில் ஒரு சத்தம். மனைவியின் கல்யாண வளையல் சிலிண்டருக்கு அடியில் கிடந்தது.

அவர்தான் குனிந்து எடுத்தார். அவர்தான் போட்டுவிட்டார்.

மணிக்கட்டில் நிற்கவில்லை. முழங்கை வரை போயிற்று. விட்டிருந்தால் தோளுக்கே போயிருக்கும்.

"சோப்பு வழுக்கிட்டுங்க" என்றாள் காந்திமதி.

சரி என்று பஸ் ஏறிவிட்டார்.

காலாண்டுத் தேர்வின்போதே சொன்னாள், சோறு இறங்க மாட்டேங்குது என்று. வெந்நீர் குடி என்றார். விடைத்தாளிலிருந்து தலையை எடுக்காமலே.

இப்போது அரையாண்டுத் தாளும் திருத்தி முடித்தாயிற்று.

"எதன் குறியீடு?"

பழக்கத்தில் வாய் கேட்டுவிட்டது.

"உடல் மெலிவு, ஐயா!"

நாற்பது தொண்டைகள். கூரையில் இரண்டு ஓடாவது பெயர்ந்திருக்கும்.

"எங்கக்கா வளையல வெட்டித்தான்யா எடுக்கணும்" என்றது கடைசி பெஞ்சு. வகுப்பு உருண்டு புரண்டது.

அவர் காதில் சிரிப்பு விழவில்லை. சிமெண்டுத் தரையில் வளையல் உருண்டு போகிற சத்தம் மட்டும்.

முதல் பெஞ்சிலிருந்து சபுரா எழுந்தாள்.

"ஐயா, அந்தம்மா அவ்வளவு இளைக்கிற வரைக்கும் தலைவன் எங்கய்யா இருந்தாரு?"

பொருள் தேடப் பிரிந்து போயிருந்தார். ஒரு வரி விடை. ஒரு மதிப்பெண்.

"வீட்லதாம்மா" என்றார்.

சாக்பீஸைக் கீழே வைத்தார். பையை எடுத்துக்கொண்டார். மணி பதினொன்றரைகூட ஆகவில்லை.

தலைமையாசிரியர் அறையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, போகிற ஆட்டோவுக்குக் கைகாட்டினார்.

வகுப்பில் நாற்பது பேரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தலைவன் வீட்டில்தான் இருந்தார்.