ஐந்து நிறத் தட்டு

‘ஜூன் 9, திங்கள். இன்று ஒரு சின்னப் பிழை. அப்பாவின் தட்டில் நான்கு நிறம்தான் இருந்தது. பச்சை விட்டுப்போயிற்று. கீரைக்கார அம்மா வரவில்லை என்பதெல்லாம் ஒரு காரணம் ஆகாது.’

நேற்று இரவு டைரியில் எழுதியதை நினைத்துக்கொண்டேதான் பிரீத்திகா இன்று சாயங்காலம் இரண்டு கட்டு முருங்கைக்கீரையை உட்கார்ந்து உருவினாள். ஒரு கட்டு இன்றைக்கு. ஒரு கட்டு நேற்றைய பாக்கிக்கு.

பகலில் சிங்காநல்லூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் பில் போடும் வேலை, மாலையில் உணவியல் வகுப்பு. அம்மாவைச் சர்க்கரை நோய் கொண்டுபோன பிறகு, வைராக்கியமாகச் சேர்ந்த படிப்பு அது. இப்போது அப்பா அரங்கசாமியும் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தார். சட்டைக் காலர் கழுத்தைத் தொடாமல் தொங்கியது.

இவரையும் விட்டுவிடக் கூடாது. அவளுக்கு இருந்த ஒரே நினைப்பு அதுதான். தினமும் ஐந்து நிறத்தில் காயும் பழமும் கொடுத்துப் பார்க்கிறாள், முகம் தெளியக் காணோம். அளவு பற்றவில்லையோ? நாம்தான் பாடத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லையோ?

“அம்மணி, காயை நல்லா வேக வெச்சுத் தண்ணிய வடிச்சுப்போடு. மறுக்கா ஒருக்கா வேக வெச்சு அதையும் வடிச்சுப்போடு” என்றார் அரங்கசாமி, சமையலறை வாசலில் நின்றபடி.

“அப்பறம் சத்தெல்லாம் சாக்கடைதானுங்கப்பா திங்கும். அரை வேக்காடுதான் நல்லதுன்னு எங்க மிஸ் சொல்லியிருக்காங்க.”

“அந்த மிஸ்ஸுகிட்ட மாட்டுன ஊட்டுக்காரரு என்ன பாடு படறாரோ, பாவம்.”

சிரித்துக்கொண்டே தட்டை வைத்தாள். கீரைப் பொரியல், பீட்ரூட், தக்காளிக் கூட்டு, பப்பாளித் துண்டுகள், ஒரு முழு நேந்திரம்பழம். சோறு ஓரமாக ஒரு கைப்பிடி.

“இதென்ன கண்ணு, மாட்டுக்குத் தீவனம் வெச்சாப்பல?”

“மாடு உங்களாட்ட மொனகறதில்லீங்கப்பா. குனிஞ்ச தலை நிமிராமத் திங்குது.”

“பாதி எடுத்துரு. நாளைக்கு மத்தியானம் செகண்ட் ஷிப்டு. வயிறு லேசா இருக்கோணும்.”

அந்த ஷிப்டுதான் இவரை உறிஞ்சுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. மில்லில் ஆர்டர் குறைந்துபோய் வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை என்று சொல்லியிருந்தார். அந்த இரண்டு நாளும் பிழிந்து போட்ட துணி மாதிரி வந்து விழுவார்.

“பாதியெல்லாம் எடுக்க முடியாதுங்க. நீங்க இதைத் திங்காட்டி நான் கிளாஸுக்குப் போகலை. பரிச்சையும் எழுதலை.”

அரங்கசாமியின் கை தட்டிலேயே நின்றது.

“அப்படிச் சொல்லாத கண்ணு. உன்ற பரிச்சை முடியட்டும்னுதான் நானே காத்துக்கிட்டு இருக்கறன். அப்பறம் உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்.”

“மாப்பிள்ளை பார்த்துட்டீங்களா?”

“பரிச்சைய எழுது மொதல்ல.”

அவளுக்குக் காது மடல் சூடேறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு, “மொதல்ல தட்டு காலியாகட்டுமுங்க” என்றாள்.

அவர் சாப்பிட்டார். கீரையை முடித்தார், பப்பாளியை முடித்தார். பாதிப் பழத்தில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் பையைத் தோளில் மாட்டாமல் கைகட்டி நின்றாள். மீதியையும் வாயில் போட்டுக்கொண்டார்.

“போதுமுங்களா, டீச்சரம்மா? கெளம்பு, பஸ் போயிரும்.”

அம்மா போன பிறகு அந்த வீட்டில் ஒரு தட்டு இப்படிச் சுத்தமாகக் காலியானது இன்றுதான். அப்பா கட்டிலில் சாய்ந்ததும் பிரீத்திகா போர்வையை இழுத்துவிட்டாள்.

செருப்பை மாட்டும்போது, ஆணியில் தொங்கிய அவர் சட்டைப்பையில் செல்போன் அடித்தது. திரையில் ‘யூனிட் 2’ என்று வந்தது. மில்லிலிருந்துதான்.

“அரங்கசாமி அண்ணனுங்களா? யூனிட்ல இருந்து சாஜிதா பேகம் பேசறனுங்க.”

“அப்பா படுத்துட்டாருங்க. நான் அவரு பொண்ணு. சொல்லுங்க.”

“நாளைக்கு அவரு செகண்ட் ஷிப்டு வரைக்கும் இருக்க வேண்டாமுங்க. காலைல ஆறு மணிக்கு ஃபர்ஸ்ட் ஷிப்டுக்கே வரச் சொல்லிருங்க.”

“ஏனுங்க, மெஷின் ஏதாச்சும் ரிப்பேருங்களா?”

“இல்லீங்க. அவருக்குன்னு ஒரு மெஷின் ஒதுக்கியே வெச்சாச்சு.”

பிரீத்திகாவுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. புதிதாக ஏதோ ஆர்டர் வந்திருக்கிறது, அப்பாவைத் தேடுகிறார்கள்.

“கண்டிப்பா அனுப்பறனுங்க. தெம்பாவே வருவாரு. இப்பத்தான் ஒரு தட்டு நெறையக் கீரையும் பழமும் குடுத்துப் படுக்க வெச்சிருக்கறன்.”

மறுமுனையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழும் சத்தம் கேட்டது.

“கிட்னி போனவருக்கு அதெல்லாம் வெஷமாச்சே அம்மணி! நாளைக்கு வேண்டாம், இப்பவே டயாலிசிஸுக்குக் கூட்டியாங்க!”